திருகோணமலையில் காற்றுத் துப்பாக்கி: கருவி, குண்டு, பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது 10 மீட்டர் தூரத்திலிருந்து காகித இலக்கைக் குறிபார்த்துச் சுடும் காற்று ரைபிளும் காற்றுப் பிஸ்டலும் ஆகும். வெடிமருந்து அடைத்த ரவைகளும் வேட்டைத் துவக்குகளும் இதில் அடங்கா. அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்விக்கு மட்டும் பின்னால் பதில் உண்டு. கருவியோடு வரும் பராமரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் தம் நாட்டுக் காற்றை நினைத்து எழுதியவை. கடலும் குடாவும் சூழ்ந்த நம் ஊரின் உப்புக் காற்றுக்கு அவை பாதிதான் பொருந்தும் என்பதால், மீதிப் பாதியை இங்கே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த விளையாட்டில் எவ்வளவு சிறிய இலக்கைச் சுட வேண்டும்?

ரைபிள் இலக்கின் முழு விட்டம் 45.5 மில்லிமீட்டர், அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு அந்தப் பொட்டைத் தொட்டாலே 10 கிடைக்கும். அதாவது, குண்டின் நடு இலக்கின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் 10 இல்லை. பிஸ்டலுக்கு இலக்கு பெரிது: முழு விட்டம் 155.5 மில்லிமீட்டர், பத்தின் வட்டம் 11.5 மில்லிமீட்டர். போட்டியில் இரண்டிலும் 60 குண்டுகள் சுட வேண்டும். ரைபிளில் ஒவ்வொரு குண்டும் 10.9 வரை தசமத்தில் எண்ணப்படுவதால் உச்சம் 654; பிஸ்டலில் உச்சம் 600. பெண்களுக்கு முன்பு 40 குண்டுகளாக இருந்தது 2018 முதல் ஆண்களைப் போலவே 60 ஆயிற்று.

காற்று ரைபிள் 1984இலும் காற்றுப் பிஸ்டல் 1988இலும் ஒலிம்பிக்கில் சேர்ந்தன. இலங்கையிலிருந்து தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைபிள் சுட்டார். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண்ணான இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக அதே போட்டியில் நின்றார். நம் பிள்ளைகளுக்கு எட்டாத விளையாட்டு இது என்று யாராவது சொன்னால் இந்த இரு பெயர்களைச் சொல்லுங்கள்.

வாங்குமுன் அனுமதி எடுக்க வேண்டுமா?

முதலில் சட்டத்தைக் கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள். இலங்கையில் சுடுகலன்களுக்கு அடிப்படையான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. சுற்றறிக்கைகளும் இறக்குமதி விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் கருவியின் வகை, குழல் விட்டம், தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்கிக்கொள்வது நல்லது. விற்பவர் வாயால் சொன்னதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் பெற்ற சுடுகலன் எதுவாக இருந்தாலும் அந்தப் பத்திரம் டிசம்பர் 31உடன் காலாவதியாகும் என்பதையும், அதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை என்று முகாம்கள் நிறைந்த இடம் இது. நீண்ட பெட்டியொன்றை ஓட்டோவிலோ பஸ்ஸிலோ கொண்டு போகும்போது யாரும் நிறுத்திக் கேட்கலாம். கேட்பது அவர்கள் கடமை. பற்றுச்சீட்டு, அனுமதிக் கடிதம், அடையாள அட்டை மூன்றையும் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைத்திருங்கள். கருவி குண்டில்லாமல், குழலினுள் நிறமுள்ள பாதுகாப்பு நாடா செருகப்பட்ட நிலையில் இருக்கட்டும்.

முதல் கருவியாக எதை வாங்கலாம்?

சுருள்வில் தள்ளும் ரைபிள் விலை குறைந்தது, காற்று நிரப்பத் தேவையில்லை, பல்லாண்டு உழைக்கும். ஆனால் சுடும்போது உள்ளேயிருக்கும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து நிற்பதால் கருவி முன்னும் பின்னுமாக உதறும். அந்த உதறலுக்குள் குண்டு இன்னும் குழலிலேயே இருக்கும். ஆகவே பிடி இறுக்கமாக இருந்தால் ஒரு நாள் ஓரிடத்திலும் மறுநாள் வேறிடத்திலும் குண்டு விழும். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஏந்திப் பழக வேண்டும். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பூட்டிய போட்டி ரைபிளில் இந்த உதறல் கிட்டத்தட்ட இல்லை. விலை பல மடங்கு.

பழகுகிறவருக்கு என் விருப்பம், ஒரே நெம்புகோல் அசைவில் காற்றை அடைத்துக்கொள்ளும் வகை. சிலிண்டர் வேண்டாம், உதறல் குறைவு, பழைய போட்டிக் கருவியாக நல்ல நிலையில் கிடைக்கும். அதன் ரப்பர் அடைப்பான்களை மாற்ற முடியுமா என்பதை மட்டும் வாங்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கும் பிஸ்டலின் எடை 1.5 கிலோவுக்கும் மேற்படக் கூடாது என்பதும், பிஸ்டலின் விசை (சுட இழுக்கும் ட்ரிகர்) குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதும், தொலைநோக்கிக் குறி அனுமதிக்கப்படாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது?

திருகோணமலையில் கருவியைக் கெடுப்பது சுடுவது அல்ல, சும்மா வைத்திருப்பதுதான். உப்புவெளியிலோ திருக்கடலூரிலோ கரையோரமாக வீடிருந்தால், யன்னல் திறந்திருக்கும் அறையில் துடைக்காமல் விட்ட குழலில் செம்மஞ்சள் பொட்டுகள் வெகு விரைவில் தோன்றும். அந்தப் பொட்டுகளைக் கிட்டே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பெருவிரல் ரேகையின் வடிவம் தெரியும். வியர்வையின் உப்பும் கடலின் உப்பும் சேர்ந்து காற்றின் ஈரத்தை அந்த இடத்துக்கே இழுத்து வைத்திருக்கும். ஆகவே முதல் விதி, சுட்டு முடிந்ததும் கை பட்ட உலோகப் பகுதிகளை எல்லாம் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் தோய்ந்து காய்ந்தது போன்ற துணியால் மெல்லிய படலமாக ஒருமுறை தடவுவது. எண்ணெய் வழியக் கூடாது. வழிந்தால் மரக்கட்டைக்குள் ஊறி அதை மென்மையாக்கும்.

இரண்டாவது விதி, பஞ்சுமெத்தை வைத்த பெட்டியைப் பயணத்துக்கு மட்டுமே பயன்படுத்துவது. அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்ட வைத்திருக்கும். வாடைக் காற்றோடு மழை வரும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில் மூடிய பெட்டிக்குள் கிடந்த கருவிதான் அதிகம் துருப்பிடிக்கிறது. வீட்டில் வைக்கும்போது பூட்டிய அலுமாரியில் நிமிர்த்தியோ கிடையாகவோ, சுவரில் படாமல் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவற்றின் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் குறைவு. ஆனால் மரக்கட்டை உலர்ந்து சுருங்கி, கட்டையைக் குழலோடு பிணைக்கும் திருகாணிகள் தளரும். குண்டுகள் காரணமின்றிச் சிதறத் தொடங்கினால் பின்குறியை (குறிபார்க்கக் கண்ணருகே உள்ள பகுதியை) திருகுமுன் அந்த ஆணிகளைப் பாருங்கள்.

மேலோட்டமான துருவை மிக நுண்ணிய உருக்குக் கம்பளியை எண்ணெயில் தோய்த்து மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். மணல்தாள் வேண்டாம், அது துருவோடு கருநீலப் பூச்சையும் உரித்துவிடும்.

உள்ளே எண்ணெய் விடலாமா? தேங்காய் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய் வெளியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் வெளிப்புறத்துக்கு நல்லது. சுருள்வில் கருவியின் அழுத்த அறைக்குள் மட்டும் எந்தப் பெற்றோலிய எண்ணெயும் போகவே கூடாது. பிஸ்டன் காற்றை நொடிப்பொழுதில் நசுக்கும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. டீசல் எஞ்சினில் நடப்பதே இங்கும் நடந்து, எண்ணெய் ஆவி தீப்பற்றி வெடிக்கும். சத்தம் பெரிதாகக் கேட்கும், குழல் வாயில் புகை தெரியும். சிலர் அதைக் கருவியின் பலம் என்று எண்ணி மகிழ்கிறார்கள். உண்மையில் அடைப்பான் கருகுகிறது, சுருள்வில் முறியும் நாள் நெருங்குகிறது.

சிலிண்டருக்கு இங்கே எங்கே காற்று நிரப்புவது?

இந்த ஒன்றில் நம் ஊர் பல ஊர்களைவிடக் கொடுத்துவைத்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுழியோடிகளுக்குக் காற்று நிரப்பும் நிலையங்கள் இருக்கின்றன. அவர்களின் இயந்திரம் மூச்சு விடுவதற்கான காற்றை வடிகட்டி, ஈரம் நீக்கி, 200 பார் அழுத்தத்துக்கு அடைக்கிறது. போட்டி ரைபிள்கள் பலவற்றின் சிலிண்டருக்கும் அதே 200 பார்தான். நேரடியாக ரைபிள் சிலிண்டரை அங்கே நீட்டுவதைவிட, சுழியோடும் சிலிண்டர் ஒன்றை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து அதிலிருந்து சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. 12 லீற்றர் சிலிண்டர் 200 பாரில் ஏறத்தாழ 2400 லீற்றர் காற்றைக் கொள்ளும். ஒவ்வொரு முறையும் தாய்ச் சிலிண்டரின் அழுத்தம் இறங்கும் என்பதால் பின்னால் வரும் நிரப்பல்கள் 200ஐ எட்டா. 150 பாரில் இருந்தாலும் ஒரு பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுழியோடும் சிலிண்டரின் வாய் திருகும் வகையா, கவ்வும் வகையா என்று பார்த்து அதற்கேற்ற இணைப்பை வாங்குங்கள். நிரப்பும்போது வால்வை மிக மெதுவாகத் திறங்கள். வேகமாகப் பாய்ந்தால் சூடேறி, ஆறியபின் அழுத்தம் இறங்கிக் காட்டும். இணைப்பின் புரிகளில் கிரீஸ் பூச வேண்டாம். ஒட்டுவேலைக்கான ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்ப வேண்டாம். அழுத்தத்தில் ஒட்சிசனும் ஒரு துளி எண்ணெயும் சந்தித்தால் சிலிண்டர் வெடிகுண்டாகிவிடும், இதில் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. ரைபிள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் திகதியிலிருந்து 10 ஆண்டுகள் கடந்தால் போட்டியில் அதை ஏற்க மாட்டார்கள். வீட்டிலும் அதைப் பயன்படுத்தாமல் விடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் கிழக்குக் கரையில் சுழியோடும் பருவம் முடிந்து நிலையங்கள் பல மூடிவிடும். ஆகவே புரட்டாதிக்குள் சிலிண்டரை நிரப்பி வையுங்கள். கைப்பம்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நம் காற்றில் ஈரம் அதிகம். அதை 200 மடங்கு நசுக்கும்போது நீராகப் பிரிந்து உள்ளே போய் வால்வைத் துருப்பிடிக்க வைக்கும். வேறு வழியே இல்லாவிட்டால், இடையிடையே நிறுத்திப் பம்பை ஆறவிட்டு, வடிகால் ஆணியைத் திறந்து ஈரத்தை வெளியேற்றிய பின் தொடருங்கள்.

குண்டுகளில் என்ன வித்தியாசம்? எல்லாம் ஈயம்தானே?

பெலட் என்று கடையில் கேட்கும் இந்த ஈயக்குண்டைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். குழல் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் காகிதத்தில் துளையிடுவது இதுதான். இலக்குச் சுடுவதற்குத் தட்டையான தலையுள்ள வகையே வேண்டும். அது காகிதத்தில் வட்டமாக வெட்டிய துளை இடும், எண்ணுவது எளிது. கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழிக்கும். வழமையான போட்டி ரைபிள் குண்டின் எடை ஏறத்தாழ 0.53 கிராம். வினாடிக்கு 170 மீட்டர் அளவில் பாயும் அந்தக் குண்டு இலக்கை அடைய ஏறத்தாழ 0.06 வினாடி எடுக்கும். விசையை இழுத்த கையோடு தலையை நிமிர்த்துகிறவர்களின் குண்டு ஏன் விலகுகிறது என்பதற்கு விடை, அந்த நேரத்துக்கும் அதற்கு முன் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரத்துக்கும் உள்ளேதான் இருக்கிறது.

ஒரு குண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பாவாடை போல விரிந்த மெல்லிய விளிம்பு தெரியும். சுடும்போது காற்று அந்த விளிம்பைக் குழலின் சுவரோடு அழுத்தி அடைக்கிறது. விளிம்பின் ஓரிடம் நசுங்கியிருந்தால் காற்று அந்தப் பக்கமாக முந்தி வெளியேறி, குழல் வாயைத் தாண்டும் கணத்தில் குண்டைச் சரித்துவிடும். டப்பாவைக் கீழே போட்டாலோ, குலுங்கும் பஸ்ஸில் பாதி நிரம்பிய நிலையில் கொண்டு போனாலோ பல குண்டுகள் இப்படி நசுங்கும். டப்பாவின் மேல் வெற்றிடத்தில் ஒரு பஞ்சுத் துண்டை வைத்து மூடுங்கள். வெள்ளை மாவு படிந்த குண்டுகள் ஒட்சியேற்றம் அடைந்தவை. அவற்றைக் கழித்துவிடுங்கள், அந்த மாவை ஊதவோ முகரவோ வேண்டாம்.

தலையின் விட்டம் 4.48, 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் வேறுபடும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதைக் கருவியைத் தாங்கியில் வைத்து, ஒவ்வொரு வகையிலும் பல குண்டுகள் சுட்டுத் துளைக்கூட்டத்தின் அகலத்தைப் பார்த்தே அறியலாம். பொருந்திய வகை கிடைத்ததும் அதே உற்பத்தித் தொகுதி எண்ணில் இயன்ற அளவு வாங்கி வையுங்கள். கையில் மிஞ்சிய பணத்தைப் புதுக் கைப்பிடிக்குச் செலவிடுவதா, குண்டுக்குச் செலவிடுவதா என்று கேட்டால் குண்டுக்கே என்பேன்.

பின்குறியைச் சரிசெய்வது எப்படி?

குண்டு எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் பின்குறியை நகர்த்துங்கள். ரைபிள் இலக்கின் இரண்டு அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர், எத்தனை சொடுக்குக்கு ஒரு வளையம் நகர்கிறது என்று ஒருமுறை எண்ணிக் கருவிப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். ஒரு குண்டைப் பார்த்துத் திருக வேண்டாம், ஐந்து குண்டுகளின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். முன்குறியின் வளையம் கறுப்பு வட்டத்தை இறுக்கிப் பிடிப்பதாக இருந்தால் கண் பதறும். சுற்றிலும் தெளிவான வெள்ளை வளையம் தெரியும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள்.

கருவியின் வேகத்தைக் கூட்ட உள்ளே மாற்றங்கள் செய்யலாமா?

வேண்டாம். 10 மீட்டர் தூரத்துக்கு வேகம் பயன்படாது. ஒரே வேகம் ஒவ்வொரு குண்டுக்கும் கிடைப்பதே பயன்படும். வலிய சுருள்வில் உதறலைக் கூட்டி, குறியைத்தான் கெடுக்கும். மேலும் அனுமதியின்றிச் சுடுகலன் செய்வது குற்றம். கருவியை மாற்றி வேறொன்றாக்குவது உங்களை அந்த எல்லைக்கு அருகே கொண்டு நிறுத்தும். வீட்டில் செய்யத்தக்க வேலைகள் துடைப்பது, கட்டை ஆணிகளை அளவாக இறுக்குவது, குழலுக்குள் கம்பளிக் குண்டு செலுத்திச் சுத்தம் செய்வது, கன்னத்தாங்கியையும் தோள்தாங்கியையும் உடலுக்கேற்ப நகர்த்துவது ஆகியவை. விசையின் உள்பாகங்களை அரத்தால் தேய்க்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தேய்ந்த கொக்கி தட்டினாலே விடுபடும், அந்தக் குண்டு யார்மீது போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

வெற்று ரவைகளை வீட்டில் திரும்ப நிரப்பலாமா?

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறார்கள். அங்கே அது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. இங்கே வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். காட்டோரக் கிராமங்களில் இடியன் துவக்கும் (குழல் வாய்வழியே மருந்து இடித்து நிரப்புவது) கட்டுத்துவக்கும் (விலங்கு வரும் வழியில் பொறியாகக் கட்டிவைப்பது) எத்தனை பேரின் காலையும் கண்ணையும் பறித்திருக்கின்றன என்பதை மருத்துவமனை விடுதிகள் அறியும். காற்றுத் துப்பாக்கிக்கு வெடிமருந்தும் இல்லை, திரும்ப நிரப்பும் வேலையும் இல்லை.

தடித்த மேலங்கி, விசேட கண்ணாடி எல்லாம் கட்டாயமா?

தொடக்கத்தில் எதுவும் கட்டாயமில்லை. பாரிஸ் 2024இல் துருக்கியின் யூசுப் டிகெச் வழக்கமான கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் வைத்தபடி கலப்புக் குழுக் காற்றுப் பிஸ்டலில் வெள்ளி வென்றதை உலகமே பார்த்தது. ரைபிளுக்கு மேலங்கி முதுகைத் தாங்க உதவும் என்பது உண்மை. ஆனால் நம் வைகாசி வெயிலில் அதை அணிந்து நிற்பவருக்கு வியர்வையே எதிரியாகும். காலையில் பயிற்சி செய்யுங்கள், உள்ளே பருத்திச் சட்டை அணியுங்கள், முடிந்ததும் அங்கியை மடிக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள். மடித்து வைத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். முகத்தைச் சுளித்து ஒரு கண்ணை மூடுவதற்குப் பதிலாக, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேற்படாத மங்கல் ஒட்டு ஒன்றை ஒட்டினால் போதும்.

வீட்டு வளவில் சுடலாமா? பறவைகளை விரட்ட இதைப் பயன்படுத்தலாமா?

அனுமதி தெளிவாக இருந்து, பின்னால் குண்டை முழுமையாகத் தடுக்கும் தடுப்பும் இருந்தால் மட்டுமே வளவில் சுடலாம். கிடுகு வேலியும் தகர வேலியும் தடுப்புகள் அல்ல. தவறிய குண்டு நூறு மீட்டருக்கு அப்பாலும் ஒரு கண்ணைக் குருடாக்கும். கீழ்நோக்கிச் சரிந்த உருக்குத் தகட்டுப் பெட்டி, அதன் பின்னே மணல்மூட்டைச் சுவர், பக்கவாட்டில் யாரும் நுழைய முடியாத இடம் ஆகியவை வேண்டும். பனைமரத்தை நோக்கிச் சுட வேண்டாம்; வைரம் பாய்ந்த மரத்தில் பட்ட குண்டு திரும்பி வரும். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

உயிர்களைச் சுடுவது இந்த விளையாட்டில் இல்லை. கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் அச்சமின்றி உலவும் புள்ளிமான்கள் நம் ஊரின் அழகு. அவற்றையும் பறவைகளையும் சட்டமும் காக்கிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு ஆங்கிலேயர் காலத்தில் சுடும் பயிற்சித் திடலாக இருந்தது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. அந்தத் தீவில் இன்று பவளப்பாறைகளையும் புறாக்களையும் பார்க்கப் போகிறோம் என்பது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது.

ஈயம் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லையா?

ஆபத்துதான், ஆனால் பழக்கத்தால் தவிர்க்கக்கூடியது. குண்டை வாயில் வைப்பது, சுடும் இடத்தில் சாப்பிடுவது இரண்டும் கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தடுப்புப் பெட்டியிலுள்ள ஈயத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் தூசி பறக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் கருவியைத் தொடக் கூடாது. கருவியும் குண்டும் வெவ்வேறு பூட்டுகளுக்குள் இருக்க வேண்டும்.

மாரிக் காலத்தில் இலக்கு அட்டைகள் ஊறிப்போகின்றனவே?

ஈரம் குடித்த அட்டையில் துளை வட்டமாக வராது. நார் பிய்ந்து, ஒன்பதா பத்தா என்று தீர்மானிக்க முடியாமல் போகும். அட்டைகளைக் காற்றுப் புகாத பிஸ்கட் தகரத்தில் சிலிக்கா ஜெல்லோடு அடுக்கி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரே குண்டு சுட்டால் எண்ணுவதில் தகராறு வராது. ஐயம் இருந்தால் 4.5 மில்லிமீட்டர் அளவுகோலைத் துளையில் செருகி, வில்லைக்கண்ணாடியால் விளிம்பைப் பாருங்கள். அளவுகோலை ஒருமுறைக்கு மேல் செருகினால் துளை விரிந்து உண்மையை மாற்றிவிடும். எண்ணி முடித்த அட்டையின் ஓரத்தில் திகதி, குண்டின் தொகுதி எண், காற்று கச்சானா வாடையா என்பது ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த மாரியில் புதுக் குண்டு வாங்கும்போது அந்தக் குறிப்புகளைப் பார்த்தே எதை வாங்குவது என்று முடிவெடுக்கலாம்.